காலையில் ஊளையிடும் கார்

அநியாயம் நடந்தது எனக்குத்தான் தம்பி. செய்தது என் சம்சாரம். கல்யாணம் ஆகி மகளையும் வளர்த்து ஆளாக்கிய பிறகு, ஒரு காரின் சத்தத்துக்காகப் புருஷனை விட்டுவிட்டுக் கோபியில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவும் சத்தம் இருந்தபோது போகவில்லை. சத்தத்தை நான் நிறுத்திய பிறகு போனாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சத்தம் இருந்தபோதே போயிருந்தால் அவள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

நீங்கள் கோயமுத்தூர் வரைக்கும்தானே? நல்லது. பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு விட்டால் நான் பஸ்ஸில் ஏறியே வருஷக்கணக்கு ஆகிறது, முழங்கால் இடிக்கிறது. நம்மிடம் கார் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் மருதாசலம். நூல் மில்லில் கணக்குப் பிரிவில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன். எங்கள் முதலாளி ஒரு வெளிநாட்டுக் கார் வைத்திருந்தார். சாம்பல் கலர். பெயரைச் சொன்னால் பெருமை பேசுகிறேன் என்பீர்கள், வேண்டாம். அந்தக் கார் மில் கேட்டுக்குள் நுழைந்தால் ஆபீசில் அத்தனை பேரும் எழுந்து நிற்போம். உள்ளே முதலாளி இருக்கிறாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒருநாள் டிரைவர் மட்டும் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தான். தேங்காய்க்கும் எழுந்து நின்றோம்.

முதலாளி காலமான பிறகு பையன்கள் புதுசு புதுசாக வாங்கிக்கொண்டு இதை ஷெட்டில் தள்ளிவிட்டார்கள். நான் ரிட்டயர் ஆன கையோடு கேட்டு வாங்கினேன். எழுந்து எழுந்து நின்ற காலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? வடவள்ளியில் நம் வீட்டுப் போர்ட்டிகோவில் கொண்டுவந்து நிறுத்தினேன். மரகதம் ஆரத்தி எடுத்தாள். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே எடுத்தாள். பொட்டு வைத்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வியைக் கேளுங்கள்.

"ஏனுங்க, இது என்ற ஜன்னலை மறைக்குதே?"

போர்ட்டிகோவை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் அவள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். அமெரிக்காவில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு, கம்ப்யூட்டரில். அவர்களுக்குச் சாயங்காலம், நமக்கு விடிகாலை. பாட்டு வகுப்பு என்று நானும் மரியாதையாகத்தான் சொல்வேன். நாலு பிள்ளைகள் ஸரிகம என்று கத்தும், இவளும் கூடச் சேர்ந்து கத்துவாள், அவ்வளவுதான். ஆனால் நான் ஒருநாளும் தடுத்ததில்லை. பெண்களை அடக்கி வைக்கிற ஆள் இல்லை நான். வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கிப் போட்டதே நான்தான். பில் அவள் கட்டுகிறாள், அது வேறு விஷயம்.

எனக்குக் காலையில் வாக்கிங் போகணும். சர்க்கரை இருக்கிறது, டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ரேஸ் கோர்ஸ் போவேன். ஏன் சிரிக்கிறீர்கள்? வடவள்ளியில் நடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? ரேஸ் கோர்ஸ் என்றால் டாக்டர் வருவார், வக்கீல் வருவார், மில்காரர்கள் வருவார்கள். ஒரு சுற்று நடந்துவிட்டு அருகம்புல் ஜூஸ் குடித்துக்கொண்டு காரில் சாய்ந்து நின்றால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். உடம்புக்கு அதுதான் நல்லது.

போகாத நாளிலும் வண்டியை ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வைத்துவிடுவேன். பெரிய வண்டியை அப்படித்தான் பழக்கணும்.

போன கார்த்திகையில்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினதும் பானெட்டுக்குள் இருந்து ஒரு ஊளை. நாய் ஊளை இல்லை, அதைவிட நீளம். ஒரு நிமிஷம் கத்தும், தானாக நின்றுவிடும். அப்புறம் நாள் முழுக்க வண்டி பசு மாதிரி. குளிர் ஏற ஏற ஊளையும் ஏறியது.

மரகதம் சொன்னாள். சொன்னாள் என்றால், தினமும் சொன்னாள். "ஏனுங்க, புள்ளைங்க ‘டீச்சர், அங்க யாரு அழுவுறா'ன்னு கேக்குதுங்க. என்னன்னு சொல்லட்டும்?"

"மாமா வண்டின்னு சொல்லு. ஒரு நிமிஷந்தானே, அதுவரைக்கும் வாய்ப்பாட்டை நிறுத்தி வெய்யி."

"அந்த ஒரு நிமிஷத்துல சுதி போயிருதுங்க. மறுபடி புடிக்கறதுக்குப் பாதி வகுப்புப் போயிருது. வண்டியைத் தெருவுல அந்த வேப்பமரத்தடியில நிறுத்துங்களேன்."

வேப்பமரத்தடியில்! முதலாளி உட்கார்ந்த சீட்டுக்கு மேலே காக்காய் எச்சம்! நான் பதிலே சொல்லவில்லை தம்பி. சில கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது.

இப்படி ஒரு மாசம் ஓடியது. அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிட்டுசாமி மதில் மேலே எட்டிப் பார்த்தான். ரிட்டயர்டு தாசில்தார், வாயைத் திறந்தால் நக்கல்தான். "என்ன மாப்ள, வூட்டுக்குள்ள மாவரைக்கறயா, ஏரோப்ளேன் உடறயா? இந்த வண்டிக்கு வாக்கிங் வேண்டாம், ஆஸ்பத்திரிதான் வேணும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே பூசணிக்காய் வாங்கி வண்டியைச் சுற்றித் திருஷ்டி கழித்து உடைத்தேன். மறுநாளும் ஊளை நிற்காததால் நேரே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போய்விட்டேன். ஒரு குறை காதில் விழுந்தால் உடனே கவனிக்கிற ஆள் நான். என்னைக் காது கேளாதவன் என்று என் மகள் சொல்கிறாள், அவளுக்கு என்ன தெரியும்.

மெக்கானிக் பெயர் பெஞ்சமின். சாயிபாபா காலனிப் பக்கம் பட்டறை. வேலையைவிட வாய் அதிகம். பானெட்டைத் தூக்கி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஊளையைக் கேட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தான்.

"இது ஏர் பம்புங்ணா. வண்டி ஆறிக் கெடக்கையில பெட்ரோலு முழுசா எரியாது, பச்சையாப் புகையில வந்துரும். இந்த மோட்டாரு சைலன்சர் பக்கம் காத்தை ஊதி அந்த மிச்சத்தை எரிய வெக்கும். எஞ்சின் சூடானதும் அதுவா நின்னுக்கும். உங்குளதுல தண்ணி எறங்கி பேரிங் போச்சு. அதான் அழுவுது."

"புதுசு போட்டா?"

"போடலாங்ணா. வெளிநாட்டுல இருந்து வரோணும். வர்றப்ப வரும். இல்லாட்டி வயரைப் புடுங்கி உட்றலாம். சத்தம் சுத்தமா நின்னுரும்."

"வண்டி ஓடுமா?"

"ராசா மாதிரி ஓடும்."

"அப்புறம் எதுக்குய்யா அந்தப் பம்பு?"

"அது ஊருக்குங்ணா. ஊர்க்காத்து கெடாம இருக்கறதுக்கு."

ஊர் எனக்கு என்ன பண்ணியது, சொல்லுங்கள்? புடுங்குய்யா என்றேன்.

புடுங்கினான். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். ஆஹா! மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. கிட்டுசாமி மதில் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஒரே ஒரு தொந்தரவு. முன்னால் மீட்டர் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது, எஞ்சின் படம் போட்டு. பம்பைக் கழற்றியது வண்டிக்குத் தெரிந்துவிட்டதாம். "அது அப்படித்தானுங்ணா எரியும், கண்டுக்காதீங்க" என்றான் பெஞ்சமின். எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது? கண்ணுக்கு நேரே எரிகிறது. ரேஸ் கோர்ஸில் யாராவது ஏறி உட்கார்ந்து கேட்டால்?

வீட்டில் கண்ணாடி மேலே மரகதத்தின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. அதில் பெரிய பொட்டாக, அரக்குக் கலரில் ஒன்றை எடுத்து விளக்கு மேலே ஒட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது! வண்டிக்கே ஒரு லட்சுமிகரம் வந்துவிட்டது. எந்த இஞ்சினியருக்கு இந்த யோசனை வரும்?

இதை மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் தப்புப் பண்ணினேன். பூவிழி, ஒரே பெண். சென்னையில் சட்டம் படிக்கிறாள். கோர்ட்டுக்குப் போக இன்னும் நாளாகும் என்பதால் எல்லா வழக்கையும் வீட்டில்தான் நடத்துவாள்.

"அப்பா, அந்தப் புகை எங்க போகுது?"

"காத்துல போகுது."

"காத்து எங்க போகுது?"

"ஏம் அம்மிணி, உனக்கு வேற பாடம் இல்லையா?"

"போர்ட்டிகோவுல ரெண்டு பக்கமும் செவுரு. மூணாவது பக்கம் அம்மா ஜன்னல். அம்மாவுக்கு ஏற்கெனவே இளைப்பு. நீங்க சத்தத்தை நிறுத்தலப்பா, அதைப் புகையாக்கி அம்மா ரூமுக்குள்ள அனுப்பியிருக்கீங்க."

"நீ என்ன மெக்கானிக்கா?"

"நீங்க என்ன நீதிபதியா? ஒரு சாட்சியக்கூட விசாரிக்காம தீர்ப்பு எழுதறீங்க. சாட்சி பக்கத்து ரூம்லதான் இருமிட்டு இருக்குது, போய்க் கேளுங்க."

கட் பண்ணிவிட்டேன். அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? படிக்க வைத்ததற்குப் பலன்.

இளைப்பு இருந்தது உண்மைதான், மறைக்கவில்லை. மில் குவார்ட்டர்ஸில் இருந்தபோதே வந்தது, பஞ்சுத்தூசி. நான்கூட முதலாளியிடம் குவார்ட்டர்ஸ் மாற்றிக் கேட்கலாம் என்று ஒருதடவை போனேன். அன்றைக்குப் பார்த்து அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கத்தான் நேரம் இருந்தது.

சரி, அது பழைய கதை. மரகதத்துக்கு வருவோம். சத்தம் நின்றது, சந்தோஷப்படணுமா இல்லையா? ஜன்னலைச் சாத்தினாள். சந்துக்கு ஈரத்துணி வைத்து அடைத்தாள். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் முகமெல்லாம் வேர்வை. "நாத்தம் வருதுங்க. பெட்ரோலு நாத்தம். ராகத்தை இழுக்க முடியல, நெஞ்சு அடைக்குது" என்றாள்.

"சத்தம்னே, நிறுத்தினேன். இப்ப நாத்தங்கறே. உனக்கு ஏதாவது ஒண்ணு வேணும்" என்றேன். சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆளில்லை நான். கடைக்குப் போய் நல்ல மல்லிகை வாசனை ஊதுபத்தியாகப் பார்த்து வாங்கி வந்து, நானே என் கையால் அவள் ஜன்னலில் கொளுத்தி வைத்தேன். எந்தப் புருஷன் செய்வான்? அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் அதைத் தண்ணியில் முக்கி அணைத்தாள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கம்ப்யூட்டரிலேயே ஏதோ கச்சேரியாம். அவரவர் வீட்டில் உட்கார்ந்து பாடுவார்களாம், அப்பா அம்மா தாத்தா பாட்டி எல்லாம் அங்கங்கே இருந்து பார்ப்பார்களாம். கடைசியாக டீச்சர் ஒரு பாட்டுப் பாடணுமாம். ஒரு மாசமாகப் பழகினாள். முந்தின நாள் ராத்திரி சாப்பாடு போடும்போது சொன்னாள், "நாளைக்கு ஒருநாள் மட்டும் வண்டி எடுக்காதீங்க. புதுசாச் சேர்றவங்களும் பாக்கறாங்க. நாளைக்கு நல்லாப் பாடினாத்தான் எனக்கு இன்னொரு வகுப்புக் கெடைக்கும். வாக்கிங்தானே, நடந்தே போங்களேன்."

வாக்கிங்குக்கு நடந்து போவதா! கேட்டீர்களா பேச்சை?

வேறு நாளாக இருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் அன்றைக்கு முதலாளியின் சின்ன மகன் ரேஸ் கோர்ஸுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய அப்பாவின் காரில் நான் போய் இறங்குவதை அவர் பார்க்கவேண்டாமா? அதுவும் சத்தமே இல்லாத கார். அவளுக்கு என்ன இடைஞ்சல்? மெதுவாகக் கதவைத் திறந்து, மெதுவாக ஏறி, மெதுவாக ஸ்டார்ட் பண்ணினேன். பனி பெய்திருந்ததால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எஞ்சினைச் சூடு பண்ணினேன். அந்த அளவுக்குப் பக்குவமாக நடந்துகொண்டேன்.

உள்ளே அவள் பாட்டு ஆரம்பிப்பது கேட்டது. நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ரேஸ் கோர்ஸில் சின்ன முதலாளி வந்தார். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். அவர் என்னையும் பார்த்தார், காரையும் பார்த்தார். "உக்காருங்க, உக்காருங்க பெரியவரே" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்விட்டார். அவசரம் போல.

வீட்டுக்கு வந்தால் ஹாட்பாக்ஸில் இட்லி இருந்தது. தேங்காய்ச் சட்னி இருந்தது, உப்புத்தான் கொஞ்சம் கம்மி. மரகதம் இல்லை. பெட்டி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, சுருதிப்பெட்டியும் இல்லை. அப்புறம் கிட்டுசாமி சம்சாரம் சொல்லித்தான் தெரியும். பாட்டு நடுவில் இருமல் வந்து நிற்கவே இல்லையாம். திரையில் அத்தனை குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மூச்சுக்குத் திணறி, ஒரு குழந்தை பயந்து அழுது, யாரோ அங்கிருந்தே "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தினார்களாம். கிட்டுசாமி சம்சாரம்தான் ஓடிவந்து இன்ஹேலரைத் தேடிக் கொடுத்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே பெட்டியையும் கட்டி எடுத்துக்கொண்டாளாம், அங்கிருந்து நேரே கோபி. அவள் அப்பா வீட்டு மாடி காலியாகக் கிடந்தது.

நான் உடனே போன் பண்ணினேன். "சத்தம் வந்துச்சா? ஒரு சத்தம் வந்துச்சான்னு மட்டும் சொல்லு!" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் வண்டியும் காலை வாரியது. அவினாசி ரோட்டில், பாலத்துக்கு மேலே, நடு வழியில் நின்றுவிட்டது. கட்டி இழுத்துப் போனோம். பெஞ்சமின் உள்ளே தலையை விட்டுப் பொட்டைக் கிள்ளி எடுத்தான். மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. "இது சும்மா எரிஞ்சா பரவால்லீங்ணா. மின்னுச்சுன்னா உடனே நிறுத்தோணும். உள்ள எல்லாம் வெந்து போச்சு. எத்தனை நாளா மின்னுதோ?" என்றான். எனக்கெப்படித் தெரியும், பொட்டு இருந்ததே! இதை அவன் முதலிலேயே சொல்லியிருக்கணும். எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் தம்பி.

பூவிழியிடம் சொன்னேன். சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல் கேட்டாள், "அப்பா, கிட்டுசாமி மாமா ஒரே ஒரு தடவை கேலி பண்ணினார். அடுத்த நாளே பட்டறைக்குப் போனீங்க. அம்மா ஒரு மாசம் சொன்னாங்க. ஏன்?" என்றாள். இது என்ன கேள்வி? கிட்டுசாமி வெளி ஆள். வெளி ஆள் சொன்னால் மானப்பிரச்சினை. வீட்டு ஆள் சொல்வது வீட்டோடு. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் என்ன சட்டம் படிக்கிறாளோ.

அன்னூர் வந்துவிட்டதா? சரி, சீக்கிரம் முடிக்கிறேன்.

இன்றைக்கு விடிவதற்கு முன்னே முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோபிக்குப் போனேன். பெருந்தன்மையாக நாமே ஒரு படி இறங்கிப் போவோம் என்று. மாடிப்படி ஏறினால் பாட்டுச் சத்தம். ஜன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடந்தது. திரையில் முன்னைவிட நிறையப் பிள்ளைகள். புருஷன் வாசலில் வந்து நிற்கிறேன், எழுந்திருக்கணுமா வேண்டாமா? ஒரு கையைக் காட்டி உட்காரச் சொன்னாள், மற்ற கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. வகுப்பு முடியும் வரைக்கும் நான் படியில் உட்கார்ந்திருந்தேன். முதல்தடவையாக அவள் பாடுவதை முழுசாகக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசமில்லை. இழுக்கிற இடத்தில் இழுத்தாள், இருமல் ஒன்றும் வரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, உடம்பெல்லாம் சரியாகிவிட்டது, வீட்டுக்கு வருவதற்கு இனி ஒரு தடையும் இல்லை என்று.

காபி கொடுத்தாள். நான் விஷயத்துக்கு வந்தேன். "பாரு மரகதம், புதுப் பம்புக்குச் சொல்லியிருக்கேன். வெளிநாட்டுல இருந்து வருது. எல்லாம் உனக்காகத்தான். சத்தமும் இருக்காது, நாத்தமும் இருக்காது. போர்ட்டிகோவுல நிறுத்திக்கலாம்."

"எனக்குப் பம்பு எதுக்குங்க?" என்றாள்.

"சரி, வண்டிக்குத்தான். ரெண்டும் ஒண்ணுதானே."

அவள் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பழைய மரகதம் என்றால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றிருப்பாள். இவள் என்னவோ பக்கத்து ஊரிலிருந்து வந்த சொந்தக்காரனை விசாரிக்கிற மாதிரி, சர்க்கரை எவ்வளவு இருக்கு, மாத்திரை போடறீங்களா, சமையலுக்கு யாரு வர்றாங்க என்று கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் எனக்கே பொறுமை போய்விட்டது. நான் இறங்கி வந்தது போதாதா?

"ஒரே வார்த்தையில சொல்லு. எப்ப வர்றே?" என்றேன்.

சொன்ன பதிலைக் கேளுங்கள் தம்பி, கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஒருதடவை பார்த்துக்கொண்டாள், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் திரையில் வர ஆரம்பித்துவிட்டார்கள், சுருதிப்பெட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"நான் எங்கீங்க வர்றது, எனக்குப் பாடம் இருக்குது. புதன்கிழமை மட்டும் லீவு. அன்னிக்கு நீங்க வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்."